விருந்து செல்லும் நாய்க்குட்டி

கல்லூரி விடுமுறை அண்மித்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகின்றது. பரீட்சை, ஞாபகசக்தி, நேரசூசி என்றிருந்த வினாக்கள் பயணம், விருந்து, உற்றார் உறவினர் என்று திசை திரும்புகின்றன. அவற்றுள் மாணவி ஒருவர் வரைந்த கடிதம் நம் கருத்தைக் கவர்ந்தது. அவர்தம் இல்லத்தில் நான்கு மாதக் குட்டி ஒன்று வளர்கின்றது. சுறுசுறுப்பும் அன்பும் மிக்க குட்டி. அந்த அன்பே வினையாக முடிந்தது. அம்மம்மா வீட்டுக்குச் சென்றபோது, படலை திறந்ததுதான் தாமதம், பாய்ந்தோடிப் போய், ஊன்றுகோலுடன் விறாந்தைப் படியில் நின்ற அம்மூதாட்டியின் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்ததாம். அருகில் நின்ற மாமா தாங்கிக்கொண்டமையால் விபத்து எதுவும் நேரவில்லை. "நீ வா பிள்ளை, நாயைக் கொண்டு வராதை" என்று அம்மம்மா தீர்ப்பளித்துவிட்டார். அப்படியாயின், இனிக் குட்டியைச் சங்கிலியிற் கட்டி வீட்டில் விட்டுச் செல்வதுதான் வழியா என்பது மாணவியின் வினா.

இதனை அற்ப விடயமெனத் தள்ளிவிட நாம் ஒருப்படோம். முதுமையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் படும் பாடு நம் குடும்பங்களிற் பலருக்குத் தெரியும். மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தோர் உளர். அப்படுக்கையினின்றும் எழாமலே போனோரும் உளர். ஆகவே அம்மம்மாவின் அச்சத்தில் நியாயம் உண்டு. மறுபக்கத்தில் குட்டியின் கதியையும் நோக்க வேண்டும். உறவினர் வீட்டுக்கு ஆகாத நாய், சில நாளில் தன் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் ஆகாததாகிவிடும். பகல் முழுவதும் சங்கிலி அதற்கு விதிக்கப்படும். சங்கிலியிற் கிடக்கும் நாய் குரைக்கும், பின்னர் சீறும். ஈற்றில் ஒருநாள் யாரும் காணாத வேளையிற் சந்தைக்கருகிலோ கோயில் வீதியிலோ கொண்டுபோய் விடப்படும். கட்டாக்காலியாய்த் திரியும் நாய்களுட் பல, முன்னொருகால் யாரோ ஒரு பிள்ளையின் மடியிற் கிடந்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெட்டைக் குட்டியாயின் இக்கதி இன்னும் விரைவாகவே வந்து சேர்கின்றது.

முதலிற் குட்டி ஏன் தாவுகின்றது என்பதை அறிந்துகொள்வோம். நாய், ஓநாயின் வழியில் வந்த பிராணி. வேட்டைக்குச் சென்று மீளும் பெரிய ஓநாய்களின் வாயைக் குட்டிகள் நக்கும். நக்கினால் அவை தாம் உண்டதிற் சிறிது கக்கிக் கொடுக்கும். அப்பழக்கத்தின் எச்சமே நாய்க்குட்டி நம் முகத்தை நாடுவது. நம் முகமோ அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. எட்டாததை எட்டுவதற்கு அது அறிந்த ஒரே வழி தாவுதல். எனவே அம்மம்மா மேற் பாய்ந்த குட்டி அவருக்கு வணக்கம் செலுத்தியது என்றே கொள்ளல் வேண்டும். வணக்கம் தவறன்று; அதைச் செலுத்தும் முறையைத்தான் மாற்ற வேண்டும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி கூறிக் கைவிரிப்போருக்கு நாம் கூறுவது இது: வாலை நிமிர்த்த வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் நிலத்தில் நின்றாற் போதும்.

அவ்வாறு நிற்கப் பழக்குவது எங்ஙனம்? ஆசிரிய கலாசாலைகளில் உளவியல் பயின்றோர் தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞரை மறந்திரார். பூனைகளைக் கூட்டிலடைத்து, அவை தாழை நீக்கி வெளிவரும் விதத்தை ஆராய்ந்து அவர் 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்பமான பயனைத் தந்த செயல் மீண்டும் நிகழும். பயன் தராத செயல் தேய்ந்து மறையும் என்பதே அவர் கண்ட விதி. அவ்வழியில் மேலும் சென்ற ஸ்கின்னர், 1951ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் விலங்குகளைப் பயிற்றும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வுகூடம் வேண்டியதில்லை, வீட்டு நாயும், சிறு தீன்துண்டுகளும், 'டிக்' என ஒலிக்கும் விளையாட்டுக் கருவி ஒன்றும் இருந்தால் எவரும் செய்து பார்க்கலாம் என்பது அதன் சாரம். அதே கட்டுரையில், வேலையிலிருக்கும் தாய், பிள்ளை மெல்லக் கூப்பிடும்போது வாளாவிருந்து, கத்தும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பாளாயின், கத்துவதையே அவள் பழக்குகின்றாள் என்றும் அவர் குறிப்பிட்டார். இதனை வாசிக்கும் ஆசிரிய அன்பர்கள் தம் வகுப்பின் பின்வாங்கை ஒருமுறை நினைத்துக்கொள்வார்கள்.

நாய்க்குட்டி விடயத்தில் நடப்பதும் இதுவே. அது தாவும்போது நாம் என்ன செய்கின்றோம்? "ஐயோ, இறங்கு!" என்று கூவுகின்றோம், இரு கைகளாலும் தள்ளுகின்றோம். கூவுதல் அதற்கு உரையாடல், தள்ளுதல் மல்யுத்தம். கேட்டது கிடைத்துவிட்டது. அது நான்கு காலில் அமைதியாக நிற்கும்போதோ எவரும் அதனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இவ்வொழுங்கைத் தலைகீழாக்குதலே முழுப் பயிற்சியும். தாவினால் ஒன்றும் பேசாது, கையைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி விடுங்கள். கால்கள் நிலத்தைத் தொட்ட அக்கணமே திரும்பிக் குனிந்து, "நல்ல பிள்ளை" என்று கூறி ஒரு சிறு தீன்துண்டைத் தாடைக்குக் கீழே கொடுங்கள். மேலே தூக்கிக் காட்டினால் மீண்டும் தாவும். துண்டு சுண்டுவிரல் நகத்தளவு போதும். மச்சம் புகாத வீடுகளில் அவித்த கடலையோ பாண் ஓரமோ போதுமானது. மற்றையோர் உப்பிடாது அவித்த மீனைக் கொடுக்கலாம். காலந்தாழ்த்துதல் கூடாது. செயலுக்கும் பயனுக்கும் இடையே சில விநாடிகள் சென்றுவிட்டால், எதற்காகப் பெற்றோம் என்பதைக் குட்டி அறியாது.

முதல் இரண்டு மூன்று நாட்களில் தாவுதல் குறையாது, கூடவும் கூடும். வழக்கமாகப் பலித்த தந்திரம் பலிக்காதபோது அதனை இன்னும் வலிதாகச் செய்து பார்ப்பது பிராணிகளின் இயல்பு. பலரும் பயிற்சியைக் கைவிடுவது அந்தக் கட்டத்திலேதான். அதனைத் தாண்டிவிட்டாற் பெரும்பகுதி முடிந்தது. இத்துடன் "இரு" என்ற சொல்லுக்கு அமரவும் பழக்கிவிட்டால் மிக நன்று. தீன்துண்டை மூக்கருகே வைத்து மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், தலை நிமிர, பின்புறம் தானாகவே தாழும். அமர்ந்த குட்டி தாவ முடியாது. இரண்டும் ஒருங்கு நிகழா. மாமா வந்தாலும் மாமி வந்தாலும் அமர்ந்தாற்றான் தடவல் கிடைக்கும் என்பது அதன் மனத்தில் ஊன்றிவிடும்.

இனி, நாம் மிக முக்கியமெனக் கருதும் பொருளொன்றைக் கூறுவோம். அது ஒரு பழஞ்சாக்கு. அரிசிச் சாக்கோ, மடித்த பழைய சாரமோ, எதுவாயினும் ஆகுக. நாள்தோறும் அதனை விறாந்தையின் ஒரே மூலையில் விரித்து, குட்டி அதன்மேற் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். பின்னர் அதன்மேற் படுத்தாற் கொடுங்கள். பின்னர் படுத்தபடியே சிறிது நேரம் இருந்தாற் கொடுங்கள். ஒரு வாரத்திற் சாக்கைக் கண்டால் தானாகவே போய்ப் படுக்கும் குட்டிகள் உண்டு. சில குட்டிகளுக்கு மூன்று வாரமும் செல்லும். அதனாற் குறையொன்றும் இல்லை. உறவினர் வீட்டுக்குப் போகும்போது அச்சாக்கையும் சுருட்டிக்கொண்டு போனால், அறியாத வீட்டின் நடுவில் அறிந்த இடமொன்று அதற்கு அமைந்துவிடுகின்றது. அதில் தன் மணம் இருக்கின்றது. நாய்க்கு மூக்குத்தான் கண். நாம் புதிய வீட்டுக்குச் சென்றாற் சுவரையும் கதிரையையும் மனிதரையும் பார்த்து இடத்தை அறிகின்றோம். குட்டியோ கோழி, மாடு, சாம்பிராணி, மீன் வெட்டிய இடம், பத்துப்பேரின் செருப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் முகர்கின்றது. தலை சுற்றாமலிருக்குமா? அதன் துள்ளலிற் பாதி, அடக்கமின்மையன்று. அளவுக்கு மீறிய செய்தி வந்து குவிந்ததன் விளைவே.

மற்றொரு காரணம் நித்திரைக் குறைவு. குட்டி நாளொன்றில் ஏறக்குறைய 18 மணித்தியாலம் உறங்கும். விருந்து நாளில் அவ்வுறக்கம் போய்விடுகின்றது. உறக்கம் கெட்ட மூன்று வயதுப் பிள்ளை கல்யாண வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தாய்மாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகின்றது, கடிக்கின்றது, கேட்டும் கேளாதிருக்கின்றது என்றால், அது தண்டனைக்குரிய வேளையன்று. சாக்கை விரித்து நிழலிற் படுக்கவிட வேண்டிய வேளை.

சாக்குப் பழகியதும் வீட்டிலேயே ஒத்திகை நடத்தலாம். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒருவர் வெளியிற் சென்று படலையைத் தட்டுவார். மற்றவர் குட்டியைக் கழுத்துப் பட்டியும் ஆறடி நாடாவும் இட்டுப் பிடித்துக்கொள்வார். வந்தவர் குட்டி அமரும்வரை அசையாது நிற்பார்; அமர்ந்தாற் கிட்ட வருவார்; எழுந்து தாவ முற்பட்டால் மீண்டும் பின்வாங்குவார். அடுத்த நாள் அப்பப்பாவின் ஊன்றுகோலை வாங்கி ஊன்றிக்கொண்டு வரலாம். குடை, சேலைத் தலைப்பு, தலையிற் கடகம், பெரிய கண்ணாடி என வேடங்களை மாற்றலாம். கயிற்றாற் கழுத்தை இறுக்கி இழுத்துப் பழக்குவோரும் உளர். குட்டியின் தொண்டை மென்மையானது என்பதால் நாம் அதனை ஏற்பதில்லை.

இவ்விடத்தில் வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் ஸ்கொற், புல்லர் என்னும் இருவர் நெடுங்காலம் நாய்களை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டனர். குட்டியின் 3ஆம் வாரம் தொடக்கம் ஏறக்குறைய 12ஆம் வாரம் வரையுள்ள காலமே அது மனிதரோடும் பிறவற்றோடும் உறவுகொள்ளப் பழகுதற்குரிய பருவம் என்பது அவர்தம் முடிபு. அப்பருவத்திற் பலவித மனிதரையும் அச்சமின்றிக் கண்ட குட்டி, பிற்காலத்தில் விருந்தினரைக் கண்டு நடுங்குவதுமில்லை, நிலைகுலைவதுமில்லை. பருவம் கடந்துவிட்டதெனக் கடிதம் எழுதிய மாணவி கவலையுறல் வேண்டா. நான்கு மாதத்திலும் படிக்கும். சற்றுப் பொறுமை கூடுதலாக வேண்டும். ஆனால் தடுப்பூசிகள் நிறைவுறாத சிறு குட்டியைப் பிற நாய்கள் திரியும் நிலத்தில் இறக்கிவிடலாகாது. 1978ஆம் ஆண்டில் அறியப்பட்ட பாவோ வைரசு நோய் மலத்தின் வழியே பரவுவது. மண்ணில் மாதக்கணக்காக உயிர்த்திருக்கக்கூடியது. குட்டிகளை மிக விரைவிற் கொல்லுவது. அவ்வயதிற் கையிலோ கூடையிலோ ஏந்திச் சென்று காட்டினாற் போதும்.

இனி உறவினர் பக்கம் வருவோம். சொல்லாமற் கொள்ளாமல் நாயுடன் போய் இறங்குதல் நன்றன்று. முன்னரே கேட்டல் வேண்டும். "வேண்டாம்" என்றால் மனங்கோணாதிருத்தல் வேண்டும். நம் சைவ இல்லங்கள் பலவற்றில் நாய் விறாந்தையைத் தாண்டுவதில்லை. சாமியறையும் குசினியும் அதற்கு விலக்கு. விரதகாலங்களில் முற்றத்துக்கும் சிலர் சம்மதியார். அவ்வொழுங்கு வீட்டாருடையது; அதனை மதித்து, மாமரத்தின் கீழோ கொட்டிலிலோ சாக்கை விரித்துக்கொள்வதிற் குட்டிக்கு எவ்வித அவமானமும் இல்லை. கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவதுதான் தவறு. யாராவது ஒருவர் அதனருகில் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் முறை வைத்து இருக்கலாம்.

அழையாத இடத்துக்குச் சென்ற நாய்க்குட்டி ஒன்றின் கதையோடுதான் மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் ஜனமேஜயன் வரலாறு தொடங்குகின்றது. பலரும் சர்ப்ப யாகத்தை அறிவர்; இதனை அறியார். குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் தம்பிமாருடன் வேள்வி இயற்றுகையில், சரமை என்னும் தேவநாயின் குட்டி அங்கே வந்தது. தம்பியர் மூவரும் அதனை அடித்துத் துரத்தினர். அது அழுதுகொண்டு தாயிடம் ஓடியது. தாய் முதலிற் குட்டியைத்தான் வினவினாள்: நீ ஏதேனும் பிழை செய்திருப்பாய் என்றாள். அவிர்ப்பாகத்தை நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை என்றது குட்டி. பின்னரே சரமை வேள்விச்சாலைக்கு வந்து, குற்றமற்ற குட்டியை ஏன் அடித்தீர் என்று கேட்டாள். விடை கிடைக்கவில்லை. எதிர்பாராத வேளையில் உங்களுக்கு அச்சம் வந்து சேரும் என்று சபித்துச் சென்றாள். அரசன் கலங்கி, அச்சாபத்தைத் தீர்க்கவல்ல புரோகிதரைத் தேடி அலைந்தான். குற்றம் செய்தாயா என்று முதலில் தன் பிள்ளையையே கேட்ட அந்தத் தாயை நாம் மிக மதிக்கின்றோம். இக்காலத்துப் பெற்றோர் சிலர் பாடசாலைக்கு வரும்போது அவ்வொழுங்கைக் கைக்கொள்ளுவதில்லை. ஆயினும் அது வேறு கதை.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் உணவை நிறுத்திவிடுங்கள், வாந்தி குறையும். தண்ணீர் கொடுக்கலாம். முச்சக்கர வண்டியிற் செல்வோர் குட்டியைக் கூடையிலிட்டு மடியில் வைத்துக்கொள்ளல் நலம். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. ஆதலின் நம் வெயிலில் விடியற்காலைப் பயணமே தக்கது. கண்ணாடி மூடிய காருள் ஐந்து நிமிடமும் விட்டுச் செல்லலாகாது.

சென்று சேர்ந்ததும் நேரே படியேற வேண்டாம். வேலியோரமாக நடத்தி, சிறுநீர் கழித்த பின்னரே உள்ளே கொண்டு செல்லுங்கள். நான்கு மாதக் குட்டி விழித்திருக்கையில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அடக்க மாட்டாது. பரபரப்பில் ஒரு மணித்தியாலமும் அடக்காது. உண்டபின், உறங்கி எழுந்தபின், விளையாடியபின் வெளியே கொண்டு செல்லல் வேண்டும். அவ்வீட்டிலும் நாய் இருந்தால், இரண்டையும் முதலில் ஒழுங்கையிற் சந்திக்கச் செய்து, சிறிது தூரம் ஒருங்கே நடத்திச் சென்று, பின்னரே வளவினுட் புகவிடுங்கள். தன் வாசலில் நிற்கும் நாய் தலையாரியைப் போன்றது. ஒழுங்கையில் அதுவும் ஒரு வழிப்போக்கன். இரண்டுக்கும் தடுப்பூசி இட்டிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோழிகளை அடைத்துவிடும்படி முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோழிக்குஞ்சினால் முறிந்த ஒன்றுவிட்ட சகோதரர் உறவை நாம் அறிவோம்.

அம்மம்மாவைக் கதிரையில் இருத்திய பின்னரே குட்டியை நாடாவிற் பிடித்து அருகே கொண்டு செல்லல் வேண்டும். நிற்பவர் மேல் தாவும் ஆபத்து இதனால் நீங்கும். இருப்பவர் கை எட்டும் தூரத்தில் இருப்பதால் முகத்தைத் தேடித் தாவ வேண்டிய தேவையும் குறையும். கடலைத் துண்டை அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். அவர் விரும்பாவிடின் வற்புறுத்த வேண்டாம். நாய்க்கு அஞ்சுவோரிடம் "கடியாது, தடவிப் பாருங்கோ" என்று குட்டியை நீட்டுவதைப்போல் அவர்தம் அச்சத்தை வளர்க்கும் செயல் பிறிதில்லை. தூரத்தில் அமைதியாகப் படுத்திருக்கும் நாயை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாற் பாதி அச்சம் தானே தணியும்.

முதியோரிலும் அஞ்சுவோரிலும் பார்க்கப் பயிற்சிக்குப் பெருந்தடையாக நிற்பவர் வேறொருவர். எல்லாக் குடும்பத்திலும் அவர் ஒருவர் இருப்பார். "விடு தம்பி, குட்டிதானே! எனக்கு நாயெண்டால் உயிர்" என்று சொல்லிக்கொண்டே மார்பில் தட்டித் தாவச்செய்யும் சித்தப்பா அவர். மூன்று வாரப் பயிற்சியை மூன்று நிமிடத்திற் கலைத்துவிடுவார். இன்று சித்தப்பா மேல் தாவலாம், அம்மம்மா மேல் தாவலாகாது என்ற வேறுபாட்டைக் குட்டி அறியாது. அவரைத் தடுத்தாற் கோபிப்பார். அவர் கையிலேயே தீன்துண்டுகளைக் கொடுத்து, "சித்தப்பா, நீங்கள் 'இரு' எண்டு சொல்லி இருத்திக் காட்டுங்கோ" என்று வேண்டுவதே தந்திரம். அத்தனைபேர் முன்னிலையில் நாய் தம் சொற்கேட்டு அமர்வதை அவர் பெருமையாகக் கருதுவார். அன்று மாலைவரை அதையே செய்துகொண்டிருப்பார்.

சாப்பாட்டு வேளையிற் குட்டி சாக்கிலேயே இருத்தல் வேண்டும். நிலத்திற் பாய் விரித்து உண்ணும் வீடுகளிற் சிறுபிள்ளையின் கோப்பையும் குட்டியின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. பிள்ளையையும் குட்டியையும் பெரியவர் ஒருவர் பார்வையின்றித் தனியே விடுதல் எவ்வேளையும் கூடாது. அன்பு மிகுதியால் விருந்தினர் இடும் தீன்களுள் சில நஞ்சாகும். சொக்கலேற் ஆகாது. வெங்காயம் இரத்த அணுக்களைச் சிதைக்கும். வடையும் கறியும் இடும்போது எவரும் இதனை நினைப்பதில்லை. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியன; பாயாசத்தின் அடியில் அவ்வற்றல் கிடக்கின்றது என்பதை நினைவூட்ட விரும்புகின்றோம். வேகவைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மாங்கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். வீட்டாரிடம் இதனைப் பணிவாக முன்னரே சொல்லிவைத்து, குட்டிக்குரிய உணவை நாமே கொண்டு செல்லலாம்.

நான்கு மாதமளவில் 28 பாற்பற்களும் ஒவ்வொன்றாக விழத்தொடங்கி, 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. முரசு தினவெடுப்பதால் அகப்பட்டதைக் கடிக்கும். பிள்ளையின் கையையும் கடிக்கும். முடிச்சிட்ட பழந்துணியொன்றை எப்பொழுதும் கையோடு வைத்திருந்து, கைக்குப் பதிலாக அதனை வாயிற் கொடுங்கள். பற்பட்டுக் கீறல் உண்டாயிற்றாயின், குட்டிதானே என்று அசட்டை செய்யலாகாது. சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்புச் சிகிச்சை அங்கே இலவசமாகக் கிடைக்கின்றது. மஞ்சளும் கோப்பித்தூளும் இந்நோய்க்கு மருந்தல்ல. குட்டியின் தடுப்பூசி அட்டையைப் பயணத்தின்போது எடுத்துச் சென்றாற் பதற்றம் பெரிதும் குறையும்.

சில குட்டிகள் பெரியவர் குனிந்து நோக்கியதும் நிலத்தோடு பதுங்கிச் சிறுநீர் கழித்துவிடும். இதனை அசுத்தப் பழக்கமென்று எண்ணி ஏசுவோர் அதனை மேலும் வளர்க்கின்றனர். அது பணிவின் அடையாளம். "நான் சிறியேன்" என்பதே அதன் பொருள். நேரே நோக்காது, பக்கவாட்டிற் குந்தியிருந்து, மெல்லப் பேசினால் வளர வளர நீங்கிவிடும். விறாந்தையைக் கழுவிவிடும் வேலை நம்முடையதாகுக, மாமியுடையதாக வேண்டாம். மூக்கை அதில் அழுத்தித் தேய்க்கும் கொடுமையை எவரும் செய்யற்க. "பிழை செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கோ" என்று சொல்வோர் உளர். ஹொரோவிற்ஸ் என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீனைத் திருடிய நாயும் திருடாத நாயும் ஏசப்பட்டபோது ஒரேவிதமாகவே அம்முகத்தைக் காட்டின. அது குற்றத்தின் முகமன்று. நம் சினத்தைக் கண்ட முகம். சரமையின் குட்டி நினைவுக்கு வருகின்றது.

கல்யாண வீடு, செத்த வீடு, அந்தியேட்டி, வெடி கொளுத்தும் தீபாவளி ஆகியவற்றுக்குக் குட்டியைக் கொண்டு செல்வதில் நமக்கு உடன்பாடில்லை. எவ்வளவு பழக்கினும் அக்கூட்டமும் ஓசையும் அதற்கு மிகை. அந்நாட்களில் அயல்வீட்டார் பொறுப்பில் விட்டுச் செல்வதே அதற்குச் செய்யும் உபகாரம்.

முதல் வருகை அரைமணி நேரத்தில் முடிதல் வேண்டும். தேநீர் குடித்து, சுகம் விசாரித்து, குட்டி இன்னும் அமைதியாக இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். குழப்பம் செய்யும்வரை காத்திருந்து, பின் ஏசி இழுத்துக்கொண்டு போவதாயின் அந்த வீட்டைப் பற்றி அது கொள்ளும் கடைசி நினைவு அதுவாகவே இருக்கும். அடுத்த கிழமை மீண்டும் போகலாம். அப்போது ஒரு மணித்தியாலம் இருக்கலாம். வீடு திரும்பியதும் குட்டி நெடுநேரம் உறங்கும், எழுப்ப வேண்டாம். சாக்கையும் அதற்குள் துவைத்துவிட வேண்டாம். உறவினர் வீட்டின் மணம் அதில் ஏறியிருக்கின்றது. குட்டி அடுத்த முறை போகும்வரை அதிலேயே படுத்திருக்கட்டும்.